பரஸ்தானம் வைத்த பாஸ்

1

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பாஸ் விற்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் கட்டுப்படியாகாது என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அட்டை. அதை வாசலில் காட்டினால் ஆற்றில் படகு போகலாம், கூரையில்லாத மாடி பஸ்ஸில் உட்கார்ந்து ஊரைச் சுற்றலாம், கண்ணாடிக் கட்டிடத்துக்குள் வளர்க்கிற பூந்தோட்டத்தைப் பார்க்கலாம், கடலோரம் நிற்கும் பெரிய ராட்டினத்தில் ஏறலாம். இரண்டு நாளைக்குள் எத்தனை இடம் முடியுமோ அத்தனை இடம். இந்த ஊரில் நான் இருபத்தொரு வருஷமாக இருக்கிறேன். அந்த அட்டையைக் கையில் வாங்கியது போன மாதம்தான்.

நான் கம்பி கட்டுகிற வேலை செய்கிறவன். கறம்பக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தங்குமிடத்துக்கு யாராவது கொண்டுவந்து போடும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து எழுத்து கைக்கு வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. பெற்ற மகளிடம் பேசுவதற்கே எனக்கு ஒத்திகை வேண்டும்.

மகள் பெயர் நிவேதா. நான் முதல் தடவை விமானம் ஏறியபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய கம்பெனி ஒரு வாரப் பயிற்சிக்கு அவளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சனியும் ஞாயிறும் அவளுக்கு வேலை இல்லை. ஞாயிறு சாயங்காலம் விமானம். அந்த இரண்டு நாளுக்காகத்தான் இரண்டு பாஸ் வாங்கினேன்.

அதே வாரத்தில் எங்கள் கம்பெனி ஆபீஸில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். என் வேலை பெர்மிட் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேனா, இல்லை கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேனா, திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். தாளில் இரண்டு கட்டம் இருந்தது. ஏதாவது ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு முன்னால் இந்தத் தாள் வந்தபோதெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீடு கட்ட வேண்டியிருந்தது, பிள்ளை படிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை வீடு முடிந்துவிட்டது. பிள்ளையும் படித்து முடித்துவிட்டாள். குனிந்து கம்பி கட்டினால் இடுப்பு நிமிர மறுக்கிறது. போய்விடலாம் என்றுதான் மனசு சொன்னது.

மனைவி செல்வராணியிடம் போனில் கேட்டேன். "ஒங்க இஷ்டம்" என்றாள். எப்போது எதைக் கேட்டாலும் அவள் சொல்வது அதுதான். வெளிநாடு போகட்டுமா என்று முதன்முதலில் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அதனால் மகளிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். "வாங்கப்பா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், திங்கட்கிழமை போகிற கட்டத்தில் டிக் போட்டுவிடலாம்.

எங்கே வைத்துக் கேட்பது என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். அந்த ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க அரை மணி நேரம் ஆகுமாம். கூண்டுக் கதவைச் சாத்திவிட்டால் இடையில் இறங்க முடியாது. என்னால் ஓடவும் முடியாது. பாதி வழி மேலே போவதற்குள் எப்படியும் கேட்டுவிடுவேன் என்று நினைத்தேன்.

2

வியாழக்கிழமை வேலை முடிந்து மகளை அவளுடைய ஓட்டல் வாசலில் போய்ப் பார்த்தேன். உள்ளே வரச் சொன்னாள். வேலைக்குப் போன பூட்ஸோடு இருந்ததால் நான் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தன் குடையை என்னிடம் கொடுத்து, "சனிக்கிழமை தாங்கப்பா" என்றாள்.

தங்குமிடத்துக்கு வந்ததும் செல்வராணியின் போன்.

"என்னங்க, சனிக்கிழமை பாப்பாவுக்குச் சந்திராஷ்டமம்ல. கேலண்டர்ல போட்டுருக்கு. ஊரு சுத்தக் கெளம்புற நாளாங்க அது?"

"அவளுக்கு அன்னைக்குத்தான் லீவு."

"அப்ப வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்துப் பரஸ்தானம் வச்சிருங்க. அஞ்சே முக்காலுக்குள்ள வச்சிருங்க."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால் எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வார்கள். முந்தின நல்ல நாளிலேயே, பயணம் போகிறவருடைய துணியோ பையோ ஒன்றை எடுத்துப்போய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் எந்த நேரத்தில் போனாலும் குற்றமில்லை. நான் முதல் தடவை சிங்கப்பூர் வந்தபோதுகூட, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என் பெட்டியைக் கொண்டுபோய் மச்சினன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

என்னோடு அறையில் இருப்பவன் அடைக்கலம். பொன்னமராவதிக்காரன், வயதில் சின்னவன், வாய் நீளம். அவனிடம் சொன்னேன்.

"அதுக்கென்னண்ணே, குடையைக் கொண்டாந்து என் கட்டிலுக்கு அடியில வைங்க. பரஸ்தானம் ஆயிருச்சு. வாடகை வேணா போட்டுக்குறேன்."

"ஒரே ரூம்டா. இங்கிட்டுருந்து அங்கிட்டு வச்சா அது பயணமா?"

"அப்ப பக்கத்து ரூம் வங்காளதேசத்துக்காரன்கிட்ட குடுங்க. வெளிநாட்டுப் பயணமாவே ஆயிரும்."

அவன் சிரித்தான். எனக்கு வேறொரு யோசனை வந்தது. நாங்கள் போகப்போவது பாஸை வைத்து. அப்படியென்றால் பாஸ்தானே பயணம்? அதையே நல்ல நேரத்தில் தொடங்கி வைத்துவிட்டால் என்ன? இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் கெஞ்சி நாலு மணிக்கே கிளம்பினேன். குளித்து, திருநீறு பூசி, இரண்டு பாஸையும் மகளின் குடையையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். வாசலில் நின்ற பெண் என் அட்டையை மெஷினில் காட்டினாள். இரண்டாவது அட்டையையும் நீட்டினேன். அவள் ஏதோ கேட்டாள். "டூ, டூ" என்றேன். என் பின்னால் எட்டிப் பார்த்து மறுபடி கேட்டாள். "கமிங்" என்றேன். அவள் அதையும் காட்டிவிட்டு என்னை உள்ளே விட்டாள்.

படகில் என் பக்கத்து இருக்கையில் குடையை வைத்தேன். ஒரு வெள்ளைக்காரர் அங்கே உட்கார வந்தார். "சாரி, மை டாட்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். இருபத்தொரு வருஷத்தில் அன்றுதான் அந்த ஆற்றில் முதல் தடவையாகப் போனேன். காரியம் நல்லபடியாகத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செல்வராணியிடம் "வச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன். மகளிடம் சொல்லவில்லை. அவள் இதையெல்லாம் "அம்மாவோட கேலண்டர்" என்று கேலி செய்வாள்.

3

சனிக்கிழமை காலையில் புளிச்சோறு கிண்டி, அவித்த முட்டை வைத்து, தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். சுற்றிப் பார்க்கும் இடங்களில் சாப்பாடு வாங்கினால் பாஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும். மகள் ஓட்டலிலிருந்து இறங்கி வந்தாள். பேண்ட், சட்டை, தோளில் ஒரு பை. நான் கொடுத்த குடையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்து, "புதுச் சட்டையாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாடி பஸ்ஸில் ஏறினோம். காதில் மாட்டிக்கொள்ள ஒயர் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிடமாக அது இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வருமாம். அவள் மாட்டிக்கொண்டாள். நான் மாட்டி என்ன செய்வது? சும்மா பார்த்துக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் பஸ் சிக்னலுக்கு நின்றபோது எனக்கு இடம் பிடிபட்டது. அவள் கையைத் தொட்டேன். ஒரு காதில் இருந்ததைக் கழற்றினாள்.

"இந்த ரோட்டுக்குக் கீழ நான் ரெண்டு வருஷம் வேலை பாத்தேன் பாப்பா. ரயில் போறதுக்குத் தோண்டுனோம். நாலு மாடி ஆழம்."

"இங்கயா?"

"நேரா இதுக்குக் கீழ."

"மேல இந்த பில்டிங் எல்லாம் அப்ப இருந்துச்சாப்பா?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. காலையில் லாரியின் பின்னால் உட்கார்ந்து வருவோம். தகரம் அடைத்த வாசலுக்குள் லாரி போய்விடும். இறங்கினால் நேரே பள்ளம். வேலை முடிந்து அதே லாரியில் திரும்பிவிடுவோம். தகரத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

"கவனிக்கலம்மா" என்றேன். அவள் மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டாள்.

ரயில் நிலையங்களில் தமிழில் பெயர் எழுதியிருப்பார்கள். அதனால்தான் ஐந்தாம் வகுப்பு படித்த என்னாலும் இந்த ஊரில் தொலையாமல் காலம் தள்ள முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் போகிற இடங்களில் எனக்கு அந்தத் தைரியமும் இல்லை. பூந்தோட்டத்தில் எந்த வாசல், எந்த வரிசை என்று எல்லாம் அவள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். வந்து ஆறு நாள் ஆனவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். வாசலில் நின்றவன் என்னிடம் ஏதோ கேட்டான். புரியாமல் "எஸ், எஸ்" என்றேன். மகள் திரும்பி வந்து அவனிடம் பேசினாள். பையில் சாப்பாடு இருக்கிறதா, உள்ளே சாப்பிடக் கூடாது என்றானாம். நான் எதற்கும் எஸ் சொல்கிறவன் என்பதை அன்று அவள் நேரில் பார்த்துவிட்டாள்.

வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட்டோம். அவள் முட்டையை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

"நான் முட்டை சாப்பிடறது இல்லப்பா."

"எப்பருந்து?"

"காலேஜ் போனதுலேர்ந்தே."

அதற்குப் பிறகு நான் மூன்று தடவை லீவில் போயிருக்கிறேன். மூன்று தடவையும் அவளுக்கு என் கையால் ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டிருக்கிறாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் அம்மா போன் செய்தாள். "ஏய் லூசு, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், வையி" என்றாள் மகள். அந்தப் பக்கம் செல்வராணி ஏதோ சொல்ல, இவள் வாயில் சோற்றோடு சிரித்தாள். "போடி, நீதான் குண்டு" என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பும்போது முகம் மாறிவிட்டது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களாப்பா?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எனக்குத் திருவரங்குளம் ஞாபகம் வந்தது. அவளுக்கு ஆறு வயது இருக்கும். லீவில் போனவன், குடும்பத்தோடு எங்காவது போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, இருவரையும் அங்கே சிவன் கோயிலுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். பஸ்ஸில் கூட்டம். அவளை மடியில் வைத்துக்கொள்ளத் தூக்கினேன். வீறிட்டு அழுதாள். கண்டக்டர், "யாருய்யா இந்த ஆளு, புள்ளைய விடுய்யா" என்று அதட்டினார். "அப்பாதாங்க, சிங்கப்பூர்லேர்ந்து வந்துருக்காரு" என்று செல்வராணி சொன்ன பிறகுதான் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"திருவரங்குளம் போனது ஞாபகம் இருக்கா பாப்பா?"

"எப்பப்பா?"

"சின்னப் புள்ளையில."

"இல்லையேப்பா. மாமா கூட்டிட்டுப் போனாங்களா?"

அன்றே ராட்டினத்துக்கும் போயிருக்கலாம். நேரம் இருந்தது. அவளும் கேட்டாள். நாளைக்குப் போகலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கேட்காமல் இருக்கிற வரைக்கும் அவள் "வாங்க" என்று சொல்வாள் என்று நம்பிக்கொண்டிருக்கலாமே. ஒரு நாள் கூடுதலாக அப்படி இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை ராட்டினத்தின் வாசலில் என் பாஸை மெஷினில் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. மகள் தன்னுடையதை வைத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே. அங்கே நின்ற பையன் அட்டையை வாங்கிப் பார்த்து அவளிடம் ஏதோ சொன்னான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, பாஸ் நேத்தோட முடிஞ்சிருச்சாம்."

"எப்படிம்மா? நேத்தும் இன்னைக்கும், ரெண்டு நாள்தானே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்ல யூஸ் ஆகியிருக்காம். என்னைக்கு முதல்ல யூஸ் பண்றோமோ அன்னைக்கே ஒரு நாள் கணக்காம். வெள்ளியும் சனியும் போயிருச்சு." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பாஸும் யூஸ் ஆகியிருக்கு. வெள்ளிக்கிழமை நான் டிரெய்னிங்ல இருந்தேன். யாருப்பா போனது?"

எங்களுக்குப் பின்னால் நீள வரிசை. எல்லோரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது.

"நான்தாம்மா."

"என்னோட பாஸை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

"ஒங்கம்மா பரஸ்தானம் வைக்கச் சொன்னுச்சு. சனிக்கிழமை ஒனக்குச் சந்திராஷ்டமம்னு..."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா! பாஸுக்கா பரஸ்தானம் வச்சீங்க?" என்றாள். அந்தப் பையன் என்ன என்று கேட்டான். அவனிடம் இங்கிலீஷில் விளக்கினாள். அவனும் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்து, வரிசையை விட்டு ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினான்.

"அம்மாகிட்ட சொல்லாத பாப்பா."

"சொல்லாம இருப்பேனா? இதை வச்சே நாங்க பத்து வருஷத்துக்கு ஓட்டுவோம்."

டிக்கெட் எடுக்கிற ஜன்னலைப் பார்த்தாள். "இருங்கப்பா, நான் எடுக்கறேன். கார்டு இருக்கு" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அந்த அரை மணி நேரத்தை நான்தான் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். அவள் காசில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வராது. இதை எப்படிச் சொல்வது? "தலை சுத்தும்மா" என்றேன்.

ராட்டினத்துக்குக் கீழே சிமெண்ட் பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தோம். அவளுடைய விமானத்துக்கு நேரம் இருந்தது. அவள் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது கேட்காவிட்டால் இனி இல்லை என்று தெரிந்தது. இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"பாப்பா, பெர்மிட் முடியுது. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லணும். இந்தத் தடவை முடிச்சுக்கிட்டு வந்துரலாமான்னு பாக்குறேன்."

"எங்கப்பா?"

"ஊருக்குத்தாம்மா. நம்ம வீட்டுக்கு."

"ஓ" என்றாள். போனைப் பைக்குள் வைத்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"என் இஷ்டம்னுச்சு."

"வந்து என்னப்பா செய்வீங்க?"

"தோப்பைப் பாத்துக்குறது. தென்னம்புள்ளையெல்லாம் காய்ப்புக்கு வந்துருச்சுல்ல."

"தோப்பைப் போன வருஷமே குத்தகைக்கு விட்டாச்சேப்பா. அம்மா சொல்லலையா?"

அம்மா சொல்லவில்லை. "சொல்லுச்சு, மறந்துட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"நீ என்ன நெனக்கிற பாப்பா? மனசுல உள்ளதச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

ஒரு கூண்டு எங்கள் தலைக்கு நேரே வந்து மேலே போயிற்று. அதற்குப் பின் இன்னொன்று.

"கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"நீங்க லீவுல வந்தா அம்மா நாலு மணிக்கே எந்திரிச்சிரும். மூணு வேளையும் கறி, மீனுன்னு அடுப்படியிலயே நிக்கும். ஒரு மாசத்துக்குத் தையல் மெஷினை மூடி வச்சிரும். சத்தமாச் சிரிக்காது. நானும் அப்படித்தான். கால் நீட்டி ஒக்கார மாட்டேன். நீங்க ஒரு நாள்கூடத் திட்டுனது இல்லப்பா. ஆனாலும் அப்படித்தான் இருக்கும். வீட்டுல யாரோ வந்துருக்க மாதிரி. ஒங்களத் திருச்சி ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்து, நானும் அம்மாவும் பாத்திரம்கூடக் கழுவாம அப்படியே படுத்துருவோம். அழுதுக்கிட்டுத்தான் படுப்போம். பொய் சொல்லல. ஆனா..."

"சொல்லும்மா."

"ஆனா அப்பாடான்னும் இருக்கும்."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். எத்தனை நாளாக வைத்திருந்தாளோ.

"கஜா புயல் அடிச்சுச்சுல்ல. பன்னெண்டு நாள் கரெண்டு இல்ல, போன் இல்ல. தென்னை சாஞ்சு வீட்டு வாசலை அடச்சிருச்சு. நானும் அம்மாவும்தான் அருவாளை வச்சு வெட்டி வழி பண்ணோம். கூரைக்குத் தார்ப்பாய் கட்டுனோம். ஒருத்தரையும் உதவிக்குக் கூப்புடல. அதுக்கப்புறந்தான்ப்பா அம்மாவுக்கு ஒரு தைரியம் வந்துச்சு. எனக்கும்தான். அந்தப் பன்னெண்டு நாளும் நாங்க ஒங்கள நெனச்சோம், ஒங்களுக்குத் தகவல் சொல்ல முடியலையேன்னு. நீங்க இருந்தா நல்லாருக்குமேன்னு நெனக்கல. அது தோணவே இல்ல. அப்புறம் அம்மாகிட்ட ஒரு நாள் இதச் சொன்னேன். அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் இங்கே வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் கம்பி கட்டினேன். அதை அவளிடம் சொல்லத் தோன்றியது. சொன்னால் கணக்குத் தீர்ப்பது போல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப வர வேணாங்கிறியா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலப்பா." என் முழங்கையைப் பிடித்தாள். "அது ஒங்க வீடு. நீங்க கட்டுனது. வாங்க. வந்தா பழகிக்குவோம்."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, மாற்றலாகி வந்த வாத்தியாரைப் பற்றி இப்படித்தான் சொல்வோம். நான் கேட்டது அந்த "வாங்க"தான். அதை அவள் சொல்லியும்விட்டாள்.

ராட்டினத்தைப் பின்னால் வைத்து என்னோடு ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அதன் கீழே என்ன எழுதினாள் என்று தெரியவில்லை, இரண்டு நிமிஷத்தில் செல்வராணியிடமிருந்து சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "ஒடம்பப் பாத்துக்கங்கப்பா, இடுப்பு வலிக்கு டாக்டர்கிட்ட போங்க" என்றாள். இடுப்பு வலி பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது பார்த்திருக்கிறாள். அதையெல்லாம் கவனிக்கிற பிள்ளைதான்.

5

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருக்கிற சீன அம்மா தாளை எடுத்து வைத்துப் பேனாவைக் கொடுத்தார். இரண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருவர் காத்திருந்தார்கள். இருக்கிற கட்டத்தில் டிக் போட்டேன். "டூ இயர்ஸ், குட்" என்று சொல்லி அவர் ஒரு முத்திரை வைத்தார். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடைக்கலம் சைட்டில் கேட்டான். "என்னண்ணே, ஊருக்கா?"

"இல்லடா. ரெண்டு வருஷம் போட்டுட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க. நீங்க போயிட்டா என்னோட கொறட்டைய யாரு சகிப்பா?" அவன் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் பங்குக் கம்பியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்வராணிக்குப் போன் செய்தேன். ஒரு மணிக்கு நான் கூப்பிடுவது வழக்கமில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, இந்த நேரத்துல? ஒடம்புக்கு எதுவுமா?"

"இல்ல. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டேன்."

நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டேன்."

இருபத்தொரு வருஷமாகக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவன் நான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் "ம்" என்பதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். மாமனார் இறந்த செய்தியை, அவள் என்னங்க என்று கூப்பிட்டதிலேயே தெரிந்துகொண்டேன். இப்போது ஒரு மூச்சு கேட்டது. நீளமாக வெளியே விட்டாள். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்கிறாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று.

"சரிங்க" என்றாள். "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க."

வழக்கமாக இத்தோடு வைத்துவிடுவாள். அன்று வைக்கவில்லை. தோப்பைக் குத்தகைக்கு விட்டதைத் தானாகவே சொன்னாள், ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தாளாம், நான் கோபித்துக்கொள்வேனோ என்று பயமாக இருந்ததாம். கோபம் இல்லை என்றேன். உடனே அவள் குரல் இளகிவிட்டது. தைக்கக் கொடுக்க வந்த ஒரு கல்யாணப் பெண் ஜாக்கெட் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லிச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். மாடியில் புதிதாகப் பூந்தொட்டி வைத்திருக்கிறாளாம், எது எது பூத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்யாணமான முதல் வருஷத்தில்கூட அவ்வளவு பிரியமாக அவள் என்னிடம் பேசியதில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து சைட்டில் மணி அடித்தது. அவளுக்கும் அது கேட்டிருக்கும். "இன்னொன்னு கேளுங்க" என்று அடுத்த கதையைத் தொடங்கினாள். சொல்லு என்றேன்.